ஐந்நூற்றொரு வெள்ளி

எனக்குக் கடன் அட்டை கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, கொஞ்சம் திமிராகத்தான் சொல்கிறேன். வங்கியில் மூன்று முறை கூப்பிட்டுக் கொடுக்கப் பார்த்தார்கள். கையில் இல்லாத பணத்தை நான் ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துவிட்டு ஒரு மடக்குக் குடையைக் கொடுத்தாள். அட்டை வேண்டாம் என்றவர்களுக்கும் குடை உண்டாம். அந்தக் குடை இன்னும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

அட்டை இல்லாமல் கைப்பேசியில் ஒரு குண்டூசி கூட வாங்க முடியாது என்று என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அன்றைக்கே குக்கர் மூடிக்கு ரப்பர் வளையம் ஒன்றைத் தேடி, பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து அழுத்தினேன். நான்கு நாளில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி வாசலில் அவரை நிற்கவைத்து, உறையைப் பிரித்து, வளையத்தை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுத்தேன். அவர் பெருமூச்சு விட்டார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வழியாகக் கற்றுக்கொண்டேன். சாமானைத் தேர்ந்தெடுத்துவிட்டு முனைக் கடைக்குப் போய், பணம் கட்டக் கைப்பேசியில் வந்த கோடு கோடான படத்தைக் காட்டுவேன். கடைப்பெண் அதன்மேல் சிவப்பு விளக்கை அடித்து, நோட்டை வாங்கிக் கல்லாவில் போடுவாள். நான் கதவைத் தள்ளி வெளியே வருவதற்குள் பணம் கிடைத்துவிட்டது என்று சாமானை விற்றவரிடமிருந்து கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடும். விற்றவர் எங்கோ கோலாலம்பூரில் இருக்கிறார். என் நோட்டோ இன்னும் அந்தப் பெண்ணின் கல்லாவிலேயே கிடக்கிறது. முதல் தடவை நான் திரும்பிப் போய்க் கல்லாவை எட்டிப் பார்த்தேன். அவள் என்ன நினைத்தாளோ தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மின்னணுச் சில்லுகளைச் சோதித்தவள் நான். தலைமுடியைவிட மெல்லிய கம்பி விலகியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். இந்தக் கருவிகளுக்குள் என்ன இருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளே வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது குக்கர் வளையத்தைப் பற்றி அல்ல, என் வீட்டுக்காரரைப் பற்றி.

அவர் துறைமுக அலுவலகத்தில் தட்டச்சு எழுத்தராக இருந்தவர். மூன்று மொழியில் அடிப்பார். வீட்டில் அவருக்கு வேறொரு வேலை இருந்தது. காலையில் கீழ்க்கடைக்குப் போய்த் தமிழ்ப் பேப்பர் வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, எனக்குச் சத்தமாக வாசிப்பார். நான் அடுப்படியில் நின்று கேட்பேன். மந்திரி சொன்னது, கோயில் தேர்தலில் நடந்த அடிதடி, யார் வீட்டுத் திருமணம், யார் காலமானார், எல்லாம் வரும். கொஞ்சம் நிறுத்தினால் நான் "அப்புறம்?" என்பேன். அடுத்ததை வாசிப்பார். மாலை ஷிப்டோ இரவு ஷிப்டோ, நான் வீட்டில் இருந்த எல்லாக் காலையும் இப்படித்தான் போனது. எங்களுக்குள் சண்டை வந்து பேச்சு வார்த்தை இல்லாத நாள்களிலும் பேப்பர் மட்டும் நிற்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் பேப்பரை விரித்தார், பார்த்தார், மடித்தார். "பேப்பர்ல ஒண்ணும் இல்ல" என்றார்.

மறுநாளும் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உலகத்தில் ஒரு வாரமாக ஒன்றுமே நடக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் பேப்பரின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். பெரிய ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர் சொன்னார்: பார்வையின் நடுவில் ஒரு கறை மாதிரி விழுந்திருக்கிறது, மெல்ல மெல்லப் பெரிதாகும், கண்ணாடியால் சரியாகாது. ஓரப்பார்வை இருந்ததால் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. சூலியா தெருவுக்குப் பஸ் ஏறிப்போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவார். எதிரே வருகிறவர் யார் என்பதை நடையை வைத்தே சொல்லிவிடுவார். எழுத்து மட்டும்தான் போய்விட்டது.

அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, நான் பக்கத்தில் உட்கார்ந்து மருத்துவர் சொன்னதைக் கேட்டிருந்தும்கூட. தினமும் கடைக்குப் போய்ப் பேப்பர் வாங்குவதையும் விடவில்லை. மடித்தது மடித்தபடியே மேசையில் கிடக்கும். ஒருமுறை நான் எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் எழுந்துபோய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில்தான் ஊற்றியிருந்தார். அதோடு நான் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் குரல் இல்லாத அடுப்படியில் நிற்க எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் கைப்பேசியில் ஒரு விற்பனைப் பக்கத்தைப் பார்த்தேன். பார்வைக் குறைவு உள்ளவர்கள் பயன்படுத்திய சாமான்களை வாங்கி விற்கும் பக்கம். அதில் கையடக்கமான மின் உருப்பெருக்கி ஒன்று இருந்தது. எழுத்தின்மேல் வைத்தால் அதன் திரையில் ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் உயரத்துக்குத் தெரியுமாம். டவுன் கடையில் இரண்டாயிரத்துக்கு மேல் சொன்ன பொருள், இங்கே ஐந்நூறு வெள்ளி. ஒன்றுதான் இருக்கிறது, முதலில் பணம் அனுப்புகிறவருக்குத்தான் என்று போட்டிருந்தது. அட்டை வேண்டாம். கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு படம் கொடுத்திருந்தார்கள். அதை என் வங்கிச் செயலியில் திறந்து, தொகையை நாமே அடித்து அனுப்பினால் போதும். கீழே பெரிய எழுத்தில் ஒரு வரி: சொன்ன தொகையைச் சரியாக அனுப்பவும், ஒரு வெள்ளிகூடக் கூடவோ குறையவோ வேண்டாம்.

பேரம் பேசாதே என்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து, சுழி, சுழி என்று அடித்தேன். பச்சைப் பொத்தானுக்கு மேல் போன விரல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் எதையும் சுழியில் முடித்துக் கொடுத்ததில்லை. கல்யாண மொய் என்றால் நூற்றொன்று, கோயிலுக்கு ஐம்பத்தொன்று. சுழி என்றால் முடிந்துபோனது. ஒன்று இருந்தால் இன்னும் தொடரும் என்று பொருள். கடையில் மீன் வாங்கும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? நானும் பார்ப்பதில்லை. ஆனால் இது கண்ணுக்கு வாங்குவது. என் வீட்டுக்காரரின் கண்ணை நான் சுழியிலா முடிப்பேன்? கடைசிச் சுழியை அழித்து ஒன்று போட்டேன். குறைத்துக் கொடுத்தால்தான் சண்டைக்கு வருவார்கள், கூடக் கொடுத்தால் யார் வருவார்கள்? அழுத்தினேன். பச்சை நிறத்தில் சரி என்று வந்தது. முகவரியை மட்டும் எழுதி அனுப்பினேன். இருப்பதே ஒன்று, அதற்கு மேல் என்ன எழுதுவது?

அவரிடம் சொல்லவில்லை. வந்ததும் மடித்த பேப்பரின்மேல் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்படிக்குப் போய்விட வேண்டும் என்று திட்டம்.

இரண்டாம் நாள் காலை நான் பாசாருக்குப் போயிருந்தேன். மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணிச்சத்தம் கேட்டது. பூசை மணி இல்லை. பழைய தட்டச்சு எந்திரத்தில் வரி முடியும்போது அடிக்குமே, அந்த மணி. எத்தனையோ வருடமாகக் கேட்காத சத்தம். பையோடு ஓடினேன்.

மேசையில் பெட்டி பிரிந்து கிடந்தது. அவருக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் இரும்புக் கனத்தில் ஒரு எந்திரம். தட்டச்சு எந்திரம்தான், ஆனால் எழுத்துகளே இல்லை. இடப்பக்கம் மூன்று கட்டை, வலப்பக்கம் மூன்று கட்டை, நடுவில் ஒரு நீளக் கட்டை, மேலே ஏற்கெனவே செருகியிருந்த ஒரு வெறுந்தாள். அவர் அதன்மேல் இரண்டு கைகளையும் துறைமுக அலுவலகத்தில் வைத்திருப்பாரே, அப்படி வைத்திருந்தார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். பிரெயில் தட்டச்சு என்று இருந்தது.

கையிலிருந்த பை நழுவியது. முழுக்கப் பார்வை போனவர்களின் பொருள். அதை நான் காசு கொடுத்து என் வீட்டுக்குள் வரவழைத்திருக்கிறேன்.

"யார் அனுப்புனது?" என்றார் அவர்.

கைப்பேசியை எடுத்து, அந்த விற்பனைப் பக்கத்தில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். அவசரத்தில் ஒலிபெருக்கிப் பொத்தானும் அழுந்திவிட்டது. தமிழ்ப் பெண் குரல்.

"என்னம்மா வியாபாரம் பண்றே? நான் கேட்டது என்ன, நீ அனுப்பியிருக்கிறது என்ன?" என்று கத்தினேன்.

"கோச்சுக்காதீங்கக்கா. எவ்வளவு போட்டீங்க?"

"ஐந்நூத்தியொண்ணு."

"அப்ப சரியாத்தானே அனுப்பியிருக்கேன் லா? ஐந்நூறுன்னா உருப்பெருக்கி, ஐந்நூத்தியொண்ணுன்னா பிரெயில் மெஷின். கீழ தனியாப் போட்டிருந்தேனே."

"ஒரு வெள்ளியில என்னம்மா இருக்கு? யாராவது இப்படி விலை வைப்பாங்களா?"

அவள் நிதானமாகச் சொன்னாள். "அக்கா, நான் பிறவியிலயே கண்ணு தெரியாதவ. செபராங் ஜெயாவுல ஒரு ஆபீஸ்ல போன் ஆப்பரேட்டர். இந்த யாவாரத்த நான் ஒருத்தியாத்தான் பாக்குறேன். காசு வந்தா என் போன் வாய்விட்டுச் சொல்லும். ஐந்நூறுன்னு சொன்னா கை அந்த டப்பாவுக்குப் போகும், ஐந்நூத்தியொண்ணுன்னா இந்த டப்பாவுக்கு. நானூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னா பேசுற தராசு. ரசீத படம் புடிச்சு அனுப்புறாங்க, எனக்கு அது ஒண்ணும் சொல்லாது. அதுக்குத்தான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெள்ளி வித்தியாசம்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரு கடையையே அந்தப் பெண் காதில் வைத்து நடத்துகிறாள். சாமான் வாங்குகிறாள், துடைத்துச் சோதிக்கிறாள், பெட்டி கட்டுகிறாள், கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், செபராங் ஜெயாவிலிருந்து என் வீட்டு வாசல்வரை தவறாமல் அனுப்புகிறாள். நுண்ணோக்கி வைத்து முப்பத்தோரு வருடம் பார்த்த நான், அவள் பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒரு வரியை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

"ஏன்கா ஒண்ணு கூடப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். கண்ணுக்கு வாங்குவதைச் சுழியில் முடிக்க மனசு வரவில்லை என்றேன்.

"ஐயோ, எங்கம்மாவும் இதே மாதிரிதான் போடுவாங்க. நம்மாளுங்க இப்படிப் போடுவாங்கன்னு எனக்குத்தான் புத்தி போகல" என்றாள். "உருப்பெருக்கிக்கு ஈப்போக்காரர் ஒருத்தர் அன்னிக்கே சரியா ஐந்நூறு போட்டுட்டாரு. மெஷின நான் திரும்ப எடுத்துக்கறேன்கா. காசு முழுசா வந்துரும், கவலைப்படாதீங்க."

நான் அழுதுவிட்டேன். நல்லது நடக்கட்டும் என்று போட்ட ஒரு வெள்ளி, நான் எதற்குப் பயந்தேனோ அதையே பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டதே என்றுதான் அப்போது தோன்றியது. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை நாளாக மூடி மூடி வைத்திருந்ததை நடுவீட்டில் போட்டு உடைத்துவிட்டேனே.

அவர் கையை நீட்டினார். "போனக் கொடு."

கொடுத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வணக்கம்மா. எனக்குக் கண்ணு போய்க்கிட்டு இருக்கு" என்றார். முகம் தெரியாத ஒரு பெண்ணிடம், பேப்பர் விலையைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என்னிடம் சொல்லாததை. பிறகு, "இதுல 'அ' எப்படி அடிக்கிறது?" என்று கேட்டார்.

"நடுக்கட்டைக்கு இடப்பக்கம், ஒட்டினாப்ல இருக்கிறது. அத மட்டும் அமுக்குங்கண்ணே" என்றாள் அவள்.

அமுக்கினார். மேலே தாளில் ஒரே ஒரு புள்ளி எழும்பி நின்றது. அதன்மேல் விரலை வைத்தார். எடுக்கவே இல்லை. நான் கீழே சிதறிய கீரையைப் பொறுக்குவது போல உட்கார்ந்துகொண்டேன்.

எந்திரம் திரும்பிப் போகவில்லை.

அந்தப் பெண் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாலையில் கூப்பிடுவாள். அரைமணி நேரம் அவரோடு பேசுவாள். தட்டுவதை அவர் மூன்று வாரத்தில் பிடித்துக்கொண்டார். அந்த விரல்களுக்கு அது பழகிய வேலை. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கட்டையை அமுக்க வேண்டும் என்பதுதான் புதிது. தாள் கனமாக இருக்க வேண்டும். அதற்குப் பழைய மாதக் காலண்டர் நல்லது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். முருகன் முகத்தில் ஓட்டை போட நான் விடவில்லை. நகைக்கடைக் காலண்டர்களைத் தேடிப்பிடித்து வெட்டிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் இப்போது ஆரத்துக்கும் அட்டிகைக்கும் மேலெல்லாம் தமிழ் புள்ளி புள்ளியாக நிற்கிறது.

வாசிப்பதுதான் வதைத்தது. அறுபத்து நாலு வயது விரல், பாதி மரத்துப்போனது. கண்ணை மூடிக்கொண்டு நானும் தடவிப் பார்த்தேன். தரையில் சிந்திய ரவையைத் தொட்ட மாதிரி இருந்தது, வேறொன்றும் விளங்கவில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். இரண்டு முறை எந்திரத்தைப் பெட்டியில் போட்டு மூடினார். இரண்டு முறையும் அந்தப் பெண்ணின் அழைப்பு வந்தது. "அண்ணே, நான் சின்னப் புள்ளையில மூணு வருசம் அழுதேன். உங்களுக்கு மூணு மாசம்தானே ஆச்சு, இன்னும் கொஞ்சம் அழுங்க" என்பாள். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் பெட்டியைத் திறப்பார். அவள் எதிரில் முறைப்பாக இருக்க அவருக்குத் தெரியவில்லை.

நான் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனாலும் அற்புதம் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகச் சொல்லமாட்டேன். ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் பக்கம் பார்த்தேன். தலை சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கண் எதையும் தேடவில்லை. வலது ஆள்காட்டி விரல் மட்டும் தாளில் மெல்ல ஊர்ந்து போய், ஓரிடத்தில் நின்று, திரும்பி வந்து, மறுபடி போனது. உதடு அசைந்தது. "மழை" என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தாளில் இருந்ததைத்தான் சொல்லியிருக்கிறார். மடித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தேன். பணம் காற்றில் போவதைப் பார்த்து வாய் பிளந்தவள் நான். ஆனால் அது எனக்கு இப்போது ஒன்றுமே இல்லை.

உருப்பெருக்கி கிடைத்திருந்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் உதவியிருக்காது என்று பிற்பாடு மருத்துவர் சொன்னார். அதனால் நான் போட்ட ஒரு வெள்ளி நல்லதா கெட்டதா என்று விசாரிப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பெண் இப்போது விலைகளை ஐந்து ஐந்து வெள்ளி தள்ளி வைக்கிறாள். அதற்கு நான்தான் காரணம் என்று எல்லாரிடமும் சொல்கிறாளாம்.

போன வாரம் ஒரு காலை. நான் வெளியே துணி காயப்போட்டுவிட்டு அடுப்படிக்கு வந்து பருப்பை ஏற்றினேன். மேசையிலிருந்து மணிச்சத்தம் வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது. தாளை உருவும் சத்தம் கேட்டது. மடித்த பேப்பரை அவர் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். அதையும் கேட்டேன்.

"இன்றைய செய்தி" என்றார்.

கரண்டியோடு நின்றுவிட்டேன். பழைய குரல். செய்தி வாசிக்கிற குரல். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே இடைவெளி இருந்தது, விரல் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததால்.

"நேற்று... ரசத்தில்... உப்பு... அதிகம்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் நிறுத்திவிடுவார் என்று பயம். அடுப்பைப் பார்த்தபடியே, இரண்டு வருடமாக எனக்குள்ளே கிடந்த சொல்லைக் கேட்டேன்.

"அப்புறம்?"

"பொறு" என்றார். "அடுத்த வரிக்குப் போறேன்."

பருப்பு பொங்கி வழிந்தது. அடுப்பைக் குறைத்துவிட்டுக் காத்துக்கொண்டு நின்றேன்.